வரப்புக்குள் தேங்கிய வண்ணம்: ரகீப் ஷாவை முன்வைத்து

3 ஆகஸ்ட் 2025, வாசகர் ஒருவரின் கேள்வி

லண்டன் ஓவியர் ரகீப் ஷாவை இங்கே இரண்டு மூன்று பேர் புகழ்ந்து எழுதியிருப்பதைப் படித்துவிட்டு அவருடைய படங்களைத் தேடிப் பார்த்தேன். முகூர்த்த நாளில் புதிதாகத் திறந்த நகைக்கடைக்குள் நுழைந்ததைப் போல இருந்தது. ஓர் அங்குலம்கூட வெறுமையாக இல்லை, எல்லாம் மின்னுகிறது. காஷ்மீர்ச் சால்வையையும் எனாமல் வண்ணமிட்ட மீனாகாரி நகையையும் பலகையில் ஒட்டி, நடுவே ஐரோப்பியருக்குப் பழகிய ஒரு பழைய ஓவியத்தின் சாயலை வைத்து, அதைச் சமகாலக் கலை என்று விற்பது அலங்காரமா, கலையா, வியாபாரமா? தெரிந்தவர்கள் சொல்லலாம்.

3 ஆகஸ்ட், இரவு, என் பதில்

மூன்றும்தான் என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். ஆனால் கேள்வியில் இருக்கும் "ஒட்டி" என்ற சொல் உறுத்துகிறது. ஷாவின் படங்களில் எதுவும் ஒட்டப்பட்டதில்லை.

அவர் காஷ்மீரில் பிறந்தவர். குடும்பத்தினர் கம்பளம், சால்வை, நகை, பழம்பொருள் விற்ற வணிகர்கள். பள்ளத்தாக்கில் கலவரம் முற்றியபின் 1992இல் குடும்பம் தில்லிக்குப் பெயர்ந்தது. அங்கே உறவினர்களின் கடைகளில் வேலை பார்த்தவர், 1998இல் லண்டனுக்குக் குடிபெயர்ந்து சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரியில் சேர்ந்தார். முதலில் பெயர் வாங்கித் தந்தது, ஹிரோனிமஸ் பாஷ் வரைந்த புகழ்பெற்ற மூன்று மடிப்பு ஓவியத்தின் பெயரையே சூட்டிக்கொண்ட "மண்ணுலக இன்பங்களின் தோட்டம்" என்ற வரிசை. எட்டி நின்று பார்த்தால் பவளமும் மலரும் மீனும் தெரிகின்றன. கிட்டே போனால் பாதி மனிதனும் பாதி விலங்குமான உருவங்கள் ஒன்றையொன்று கடிக்கின்றன, புணர்கின்றன, கொல்கின்றன. அலங்காரம் அங்கே தூண்டிலில் கோத்த புழு. அழகைப் பார்க்க வந்தவன் வாயில் முள் குத்துகிறது. என் பதில் இவ்வளவுதான்.

4 ஆகஸ்ட்

இவ்வளவுதான் என்று எழுதிய மறுநாளே இரண்டு பிழைகளை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஷா பிறந்தது கொல்கத்தாவில், 1974இல். வளர்ந்தது ஸ்ரீநகரில். காஷ்மீர் என்ற பெயர் அவரோடு அவ்வளவு ஒட்டிக்கொண்டிருப்பதால் பிறப்பையும் அங்கேயே வைத்துவிட்டேன்.

ஒட்டிக்கொள்வது என்றதும் இரண்டாவது பிழை. எதுவும் ஒட்டப்பட்டதில்லை என்று பெருமையாக எழுதினேன் அல்லவா? தொடக்கக் காலப் பலகைகளின் பொருட்பட்டியலில் மினுக்குத் தூளும் பட்டை தீட்டிய கண்ணாடிக் கற்களும் இருக்கின்றன. கற்களை ஒட்டாமல் வேறு என்ன செய்வது? கேள்வி கேட்ட நண்பருக்கு அரைப் புள்ளி.

9 ஆகஸ்ட்

செய்முறையைப் பற்றிப் பேசாமல் இந்த விவாதம் நகராது. நான் மான்செஸ்டரில் படச்சட்டம் போடும் கடை ஒன்றில் இருபது ஆண்டுகளாக வேலை பார்ப்பவன். ஒரு படம் எதைப் பற்றியது என்பதைவிட அது எதன்மேல் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் என் கண்ணில் முதலில் படும்.

முதலில் தாளில் முழு வரைபடம் தயாராகிறது. அது மழமழவென்று மட்டப்படுத்திய பிர்ச் மரப் பலகைக்கோ அலுமினியத் தகட்டுக்கோ கோடு பிசகாமல் மாற்றப்படுகிறது. பிறகு ஒவ்வொரு கோட்டின் மேலும் பொன்னிறப் பசையைக் கூரிய மூக்குள்ள குழாயிலிருந்து பிதுக்கிப் புடைப்பாக இழுக்கிறார்கள். அது காய்ந்ததும் பலகை முழுவதும் ஆயிரக்கணக்கான சிறு பாத்திகளாகிவிடுகிறது. ஒவ்வொரு பாத்தியையும் சுற்றி வரப்பு. அந்தப் பாத்திகளுக்குள் எனாமலையும் வாகனங்களுக்கு அடிப்பது போன்ற உலோக வண்ணத்தையும் விட்டு, அது இறுகுவதற்குள் முள்ளம்பன்றி முள்ளின் முனையால் இழுத்தும் சுழித்தும் நிழலும் ஒளியும் வரவைக்கிறார். தூரிகை படாத வேலை. பழைய உலோக எனாமல் பாத்திரங்களில் மெல்லிய கம்பியை வளைத்துப் பற்றவைத்து அறை கட்டி, அறைக்குள் வண்ணக் கண்ணாடித் தூளை இட்டுச் சுடுவார்களே, அதே தர்க்கம்; சூளை மட்டும் இல்லை.

இதை முதன்முதலில் படித்தபோது எனக்கு நினைவு வந்தது காஷ்மீர் அல்ல, தஞ்சாவூரில் என் அத்தை வீட்டுத் தாழ்வாரம். அத்தை பலகைப்படம், அதாவது தஞ்சாவூர் ஓவியம், செய்பவர். பள்ளி விடுமுறைகளில் அவருக்கு எடுபிடி நான்தான். சுக்கான் மாவையும் பிசினையும் குழைத்து மக்கு தயாரிப்பது, அதைக் கோட்டின்மேல் புடைப்பாக இழுத்துக் காயவிடுவது, அதன்மேல் தங்க ரேக்கை ஒட்டி விளிம்புகளை மெதுவாக அழுத்தி இறக்குவது என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் காத்திருக்க வேண்டும். பன்னிரண்டு வயதில் எனக்குக் காத்திருக்கத் தெரியாது. தொட்டால் காய்ந்தது போலத் தோன்றிய மக்கின்மேல் ரேக்கை வைத்து அழுத்தியதில் நவநீத கிருஷ்ணனின் முத்துமாலை மொத்தமும் நெஞ்சோடு சப்பையாகப் படிந்துவிட்டது. அத்தை திட்டவில்லை, சுரண்டி எடுத்துத் திரும்பப் போடச் சொன்னார். சுரண்டுவதற்கே இரண்டு நாள் ஆனது.

ஆகவே புடைத்த கோடு என்றால் எனக்கு அலங்காரம் என்று தோன்றாது. காய வேண்டிய ஒன்று என்றுதான் தோன்றும்.

10 ஆகஸ்ட்

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர், "அத்தனை தங்கத்துக்கு எவ்வளவு செலவாகும்?" என்று கேட்டிருக்கிறார். தங்கம் இல்லை. "பொன்னிற" என்றுதான் எழுதியிருக்கிறேன். சமீப ஆண்டுகளின் படங்களுக்கு அருங்காட்சியகங்கள் வைக்கும் குறிப்பில் "அக்ரிலிக் லைனர், எனாமல்" என்றிருக்கும். கண்ணாடி ஓவியம் செய்பவர்கள் கடையில் வாங்கும் சாமானின் இனம்தான் அது. தங்கமாகத் தெரிவது வேறு, தங்கமாக இருப்பது வேறு என்று நகைக்கடை உவமை சொன்ன நண்பர் இதையும் தம் பக்கத்துச் சான்றாக எடுத்துக்கொள்வார். எடுத்துக்கொள்ளட்டும்.

17 ஆகஸ்ட்

தூண்டிற்புழு உவமையைத் திரும்பப் பெறுகிறேன்.

அது எழுதும்போது நன்றாகத்தான் இருந்தது. ஆனால் புழு என்றால் மேலே இருப்பது, முள் என்றால் உள்ளே இருப்பது. அலங்காரத்தை உரித்தால் உண்மையான படம் வெளிப்படும் என்ற எண்ணத்தை அந்த உவமை கள்ளத்தனமாக உள்ளே கொண்டுவந்துவிடுகிறது. கேள்வி கேட்டவரும் நானும் இந்த ஒரு விஷயத்தில் ஒரே கட்சியில் இருந்திருக்கிறோம்: அவருக்கு உரித்தால் ஒன்றுமில்லை, எனக்கு உரித்தால் ரத்தம்.

2017இல் எங்கள் ஊர் விட்வொர்த் அருங்காட்சியகத்தில் ஷாவின் பலகைகளைப் பழைய தெற்காசியத் துணிகளோடும் பழைய கோட்டோவியங்களோடும் அடுத்தடுத்து வைத்துக் காட்சியாக்கினார்கள். மதிய உணவு இடைவேளைகளில் நான்கு முறை போனேன். முதல் முறை எல்லோரையும் போல நேராக நின்று பார்த்தேன். இரண்டாம் முறை, தொழில் புத்தியால், பலகையின் பக்கவாட்டில் போய் நின்று பார்வையைச் சாய்த்து ஓட்டினேன். அப்போதுதான் கோடு எவ்வளவு உயரம் என்பது தெரிந்தது. விளக்கொளி ஒவ்வொரு வரப்பின் முதுகிலும் ஏறி இறங்க, இரண்டு வரப்புகளுக்கு நடுவே எனாமல் குளம்போலத் தேங்கி, விளிம்பில் சற்றே மேலேறி நின்றது. குவளையில் ஊற்றிய எண்ணெய் ஓரத்தில் ஏறி நிற்குமே, அதைப் போல. ஒரு நகக்கண் அளவுள்ள பாத்தியில் மூன்று நீலங்கள். என் மூக்குக்கண்ணாடியின் நிழலும் அதில் விழுந்தது. காவலர் வந்து இரண்டடி பின்னால் நிற்கச் சொன்னார்.

பக்கவாட்டில் பார்த்தபோது ஒன்று உறைத்தது. அத்தையின் பலகைப்படத்தில் புடைப்புக்கு ஒரு தகுதி உண்டு. கிரீடமும் மாலையும் மண்டபத் தூணும் புடைத்து மின்னும். கிருஷ்ணனின் கன்னமும் வயிறும் தட்டையாக, மழுமழுவென்று இருக்கும். எது உடல், எது அணி என்பதைக் கையால் தடவியே சொல்லிவிடலாம். ஷாவின் பலகையில் அந்த வேறுபாடே கிடையாது. சால்வையின் பூவேலைக்கு எந்தக் கோடோ அதே கோடுதான் தோலுக்கும், நாயின் மயிருக்கும், இடிந்த சுவருக்கும், காயத்துக்கும். உரிப்பதற்குத் தனியாக ஒரு அணி இருந்தால்தானே உரிக்கலாம்.

24 ஆகஸ்ட்

வியாபாரமா என்ற பகுதிக்கு வருகிறேன். இதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். காரணம் எனக்கே இதில் தெளிவு இல்லை.

2007 அக்டோபரில் சாதபீஸ் லண்டன் ஏலத்தில் "மண்ணுலக இன்பங்களின் தோட்டம்" வரிசையின் மூன்றாம் படம் சுமார் 27 லட்சம் பவுண்டுக்குப் போனது. இந்திய ஓவியர் ஒருவரின் படைப்புக்கு அதுவரை ஏலத்தில் கிடைத்ததிலேயே உயர்ந்த விலை என்று அப்போது செய்தித்தாள்கள் எழுதின. அடுத்த ஆண்டு உலகச் சந்தையே சரியப்போகிறது என்பது யாருக்கும் தெரியாத காலம். ஆகவே வியாபாரம் இல்லை என்று நான் சொன்னால் சிரிப்பார்கள்.

ஆனால் காஷ்மீரின் பூவேலை என்றைக்கு வியாபாரமாக இல்லாமல் இருந்தது? கானிச் சால்வையை எடுத்துக்கொள்ளுங்கள். நாடா ஓடாத நெசவு அது. நிறத்துக்கு ஒன்றாக நூல் சுற்றிய சிறு மரக்குச்சிகளை, எத்தனை இழை தாண்ட வேண்டுமோ அத்தனை தாண்டிக் கோத்துக்கொண்டே போக வேண்டும். எந்த நிறம், எத்தனை இழை என்பதைத் தாலிம் என்ற குறியீட்டு எழுத்தில் எழுதி வைத்திருப்பார்கள். ஒருவர் அதை உரக்க வாசிக்க, தறியில் இருப்பவர் கேட்டு நெய்வார். நெய்பவருக்கு முழுப் பூவும் தெரிய வேண்டிய அவசியமில்லை. அவருக்கு வருவது ஒரு குரலும் ஓர் எண்ணும் மட்டுமே. நுட்பமான சால்வை ஒன்றுக்கு ஓராண்டும் அதற்கு மேலும் ஆகும்.

இந்தச் சால்வைகள் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பியச் சீமாட்டிகளின் தோளில் ஏறின. விலை தாளாமல் அங்கேயே போலி நெய்யத் தொடங்கினார்கள். நாரிச்சிலும் எடின்பரோவிலும் தொடங்கிய அந்தத் தொழிலில் பிறகு ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரம் முந்திக்கொண்டது. காஷ்மீரில் புட்டா என்றும் நம் பட்டுப் புடவைக் கடையில் மாங்காய் என்றும் சொல்லும் அந்த வளைந்த வடிவத்துக்கு இன்று உலகம் முழுவதும் அந்த ஸ்காட்லாந்து ஊரின் பெயர்தான். பிள்ளை ஒருவருடையது, பெயர் வைத்தவர் வேறொருவர்.

நெசவாளியின் நிலை என்ன ஆனது? சால்வைமேல் விதிக்கப்பட்ட முத்திரை வரியைத் தாங்க முடியாமல் 1865 ஏப்ரல் 29 அன்று ஸ்ரீநகரில் நெசவாளர்கள் ஊர்வலம் போனார்கள். சால்டகர் மைதானத்தில் படைகள் அவர்களை மடக்கின. அன்று 28 பேர் இறந்ததாகக் காஷ்மீரில் இன்றும் நினைவுகூர்கிறார்கள். அடுத்து 1870இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டதும், முதன்மையான கொள்முதல்காரரான பிரான்சு வாங்குவதை நிறுத்த, தொழில் படுத்துவிட்டது. பின்னாலேயே 1877இல் பஞ்சம் வந்தது.

இதையெல்லாம் ஷா தம் படத்தில் "விமர்சிக்கிறார்" என்று சொல்ல வரவில்லை. அந்த வகைப் பாராட்டு எனக்குப் பிடிக்காது. சால்வை விற்ற வீட்டுப் பிள்ளை அவர். தறியில் இருந்தவரின் பிள்ளை அல்ல. இன்று அவருடைய பட்டறையிலும் உதவியாளர்கள் வேலை செய்கிறார்கள். வரைபடம் அவருடையது, பாத்திகளை நிரப்பும் கைகள் பல. தாலிம் வாசிப்பவருக்கும் நெய்பவருக்கும் இருந்த உறவு லண்டன் வரை வந்திருக்கிறது என்றே எனக்குப் படுகிறது. இது குற்றச்சாட்டா என்றால், பாதி. தஞ்சாவூரில் முத்துமாலையை நான் போட்டாலும் படம் அத்தையின் பெயரில்தான் போயிற்று.

24 ஆகஸ்ட், பின்னிரவு

பட்டறை என்றதும் ஒன்றைச் சொல்ல மறந்தேன். தெற்கு லண்டனில் பெக்கம் பகுதியில் இருக்கும் அந்தக் கட்டடம் முன்பு சாசேஜ் தொழிற்சாலையாக இருந்தது. இறைச்சியைத் தோலுக்குள் திணித்த இடத்தில் இன்று வண்ணத்தைக் கோட்டுக்குள் திணிக்கிறார்கள். இந்த நகைச்சுவைக்கு வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

31 ஆகஸ்ட்

ஒருவர் எழுதுகிறார்: "ஐரோப்பிய ஓவியத்தின் சாயல் எதற்கு? காஷ்மீரை மட்டும் வரையலாமே?"

ஷா தில்லியில் கடையில் இருந்த நாட்களில் லண்டனுக்கு வந்தபோது நேஷனல் கேலரியில் ஹான்ஸ் ஹோல்பைன் 1533இல் வரைந்த "தூதர்கள்" படத்தைப் பார்த்ததுதான் ஓவியராகும் முடிவுக்குக் காரணம் என்று அவரே சொல்லியிருக்கிறார். அந்தப் படத்தைப் பற்றி எல்லோரும் பேசுவது, கீழே சாய்த்து நீட்டி வரைந்திருக்கும் மண்டையோட்டைத்தான். நேரே பார்த்தால் கறைபோலத் தெரியும், ஓரமாகப் போய்ப் பார்த்தால் மண்டையோடாகும். ஆனால் இரண்டு தூதர்களுக்கும் நடுவே இருக்கும் தட்டின்மேல் விரித்திருப்பது என்ன? கீழைநாட்டுக் கம்பளம். கம்பளக் கடையில் வளர்ந்த பையனின் கண் முதலில் அதன் முடிச்சில்தான் விழுந்திருக்கும் என்பது என் ஊகம். இதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் அந்தக் கம்பளம் அங்கே இருப்பது ஊகமல்ல. ஐரோப்பியப் படம் என்று நாம் ஒதுக்கும் ஒன்றின் நடுவிலேயே நம் பக்கத்துச் சரக்கு 1533இலிருந்து விரிந்து கிடக்கிறது.

பிற்காலத்தில் அவர் அதே கேலரியின் பழைய படங்களின் உள்ளே தாமே குடியேறத் தொடங்கினார். வின்சென்சோ கட்டேனா வரைந்த, படிப்பறையில் அமர்ந்திருக்கும் புனித ஜெரோமின் இடத்தில் ஷா அமர்ந்திருக்கிறார். படத்தின் தலைப்பு பெக்கம் படிப்பறையில் சுயவுருவம் என்று தொடங்கி "காஷ்மீர்ப் பதிப்பு" என்று முடிகிறது. வெனிஸ் நகரத்து ஓவியன், லண்டன் பேட்டை, இழந்த பள்ளத்தாக்கு என்று மூன்று முகவரிகள் ஒரே தலைப்பில். குடிபெயர்ந்தவர்களின் தபால் உறையில் இப்படித்தான் முகவரியை அடித்து அடித்து எழுதியிருக்கும்.

7 செப்டம்பர்

சோதித்துப் பார்த்துவிட்டேன்.

கடையில் மிஞ்சிய ஒட்டுப்பலகைத் துண்டு ஒன்று, நம் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியது. அதை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மூன்று முறை வெள்ளையடித்து, ஒரே ஒரு மாங்காய் வரைந்தேன். உள்ளே பதினேழு பாத்திகள். கண்ணாடி ஓவியத்துக்கான பொன்னிற லைனர் வாங்கினேன். முள்ளம்பன்றி முள்ளுக்கு எங்கே போவது? ஸ்வெட்டர் பின்னும் ஊசி ஒன்றை வீட்டில் கேட்காமல் எடுத்துக்கொண்டேன். எனாமல், இரும்புக் கதவுக்கு அடிக்கும் வகை.

முதல் பலகை அரைமணி நேரத்தில் நாசமானது. லைனரின் கோடு முழுமையாக மூடாத இடம் ஒன்று, மயிரிழை அளவு. நீலம் அந்தச் சந்தின் வழியே பக்கத்துச் சிவப்புக்குள் கசிந்து போனது. கலந்த இடம் ஊதாவாகவும் இல்லை, நீலமாகவும் இல்லை, சேறு. ஊசியால் தடுக்கப் போய் வரப்பையே பெயர்த்துவிட்டேன்.

இரண்டாவது பலகையில் வரப்பு சரியாக நின்றது. ஆனால் பேராசையால் வண்ணத்தை அதிகம் விட்டேன். வரப்பின் உயரத்துக்குச் சற்று மேலே புடைத்து நின்ற வண்ணம், நான் பெருமையோடு மனைவியை அழைத்துக் காட்டிய அதே கணத்தில் வழிந்தது. எனாமல் நாற்றம் படுக்கையறை வரை போய்விட்டது என்பதுதான் அவருடைய ஒரே விமர்சனம்.

மூன்றாவதில், ஒரு பாத்திக்குள் இரண்டு நீலங்களை விட்டு ஊசி முனையால் இழுத்தபோது, ஏழெட்டு விநாடிக்கு வண்ணம் நான் சொன்னபடி கேட்டது. மீன் செதிலைப் போல ஒரு வளைவு வந்தது. அதற்குப் பிறகு அது தன் இஷ்டத்துக்குப் படிந்துகொண்டது. ஷாவின் கைத்திறமை என்ன என்பது அந்த ஏழெட்டு விநாடியில் புரிந்தது. இதைப் பல்லாயிரம் முறை செய்வதற்குப் பொறுமை போதாது. வேறு ஏதோ பிடிவாதம் வேண்டும்.

ஆனால் இதை எழுத வந்தது வேறு காரணத்துக்காக. ஷாவைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும், நானும் சேர்த்துத்தான், இரண்டு மரபுகளைக் "கலக்கிறார்" என்று எழுதுகிறோம். கீழையும் மேலையும் கலந்தன, பழமையும் புதுமையும் கலந்தன. கலந்தால் என்ன ஆகும் என்பது என் முதல் பலகையில் இருக்கிறது. அவருடைய செய்முறையே கலக்கவிடாமல் இருப்பதற்காக ஏற்பட்டது. ஒவ்வொன்றும் தன் வரப்புக்குள் நிற்கிறது. வரப்புக்கு இந்தப் பக்கம் ஜெரோம், அந்தப் பக்கம் சால்வை. பக்கத்தில் பக்கத்தில், அவ்வளவு நெருக்கமாக, ஒரு சொட்டுகூடப் பரிமாறாமல். இழைவதும் கரைவதும் எல்லாம் ஒரே பாத்திக்குள், தன் இனத்தோடு மட்டும். இருபது ஆண்டுகளாக வேற்றூரில் இருக்கும் எனக்கு இது "கலவை" என்பதைவிட உண்மைக்கு அருகில் இருப்பதாகத் தோன்றுகிறது.

14 செப்டம்பர்

போன குறிப்புக்கு வந்த மறுப்பு நியாயமானது: "அப்படியென்றால் கலக்கும் ஓவியர் யாருமே இல்லையா?"

இருக்கிறார். குஜராத்தில் 1934இல் பிறந்து 1962இல் அமெரிக்காவுக்குப் போன நட்வர் பாவ்சார். நியூயார்க் சோஹோ பகுதியில் வாழ்ந்து வரைந்தவர். திரையைத் தரையில் விரித்து, பசை ஈரமாக இருக்கும்போதே, உலர்ந்த வண்ணப் பொடியைச் சல்லடையால் சலித்துத் தூவுவார். ஒரு படலம் காய்ந்தபின் அடுத்தது, அதன்மேல் இன்னொன்று. அவர் சிறுவயதில் பார்த்தது ரங்கோலியும் ஹோலிப் பொடியும் சாயத்தொழிலும். ஆனால் ரங்கோலியில் கோடு உண்டு, உருவம் உண்டு. பாவ்சார் அதிலிருந்து கோட்டை எடுத்துவிட்டு விரலிடுக்கில் பொடி விழும் செயலை மட்டும் வைத்துக்கொண்டார். அவருடைய திரையில் சிவப்பு எங்கே முடிந்து ஆரஞ்சு எங்கே தொடங்குகிறது என்று காட்ட முடியாது. வாசல் தெளித்துக் கோலம் போட்ட வீட்டில் வளர்ந்தவர்களுக்கு, காற்றடித்த பிற்பகலில் அந்தக் கோலம் எப்படி இருக்கும் என்பது நினைவிருக்கலாம், ஏறக்குறைய அது.

இருவரையும் "இந்திய அலங்கார மரபு" என்ற ஒரே பெட்டியில் போடுவது சோம்பேறித்தனம். ஷாவின் பெட்டியில் பாதி ஜப்பான் என்பதையும் நான் இதுவரை சொல்லவில்லை: மடிப்புத் திரை ஓவியங்கள், திருமண கிமோனோக்களின் பூவேலை, பட்டறை மாடித் தோட்டத்தில் அவர் வளர்க்கும் போன்சாய் மரங்கள். அந்த மரத்தையும் கம்பி கட்டித்தான் வளைக்கிறார்கள். மனிதருக்குக் கோடும் கம்பியும் இல்லாமல் முடியாது போலும்.

15 செப்டம்பர்

"மாடித் தோட்டம்" என்று நேற்று எழுதிவிட்டேன். தோட்டம் உண்டு, போன்சாயும் உண்டு. எந்த மாடி என்று நான் போய்ப் பார்த்ததில்லை. "மாடி"யை நீக்கிவிட்டுப் படிக்கவும்.

21 செப்டம்பர்

சிகாகோ ஆர்ட் இன்ஸ்டிட்யூட்டில் 2025 ஜூனில் ஷாவின் "இழந்த சொர்க்கம்" காட்சிக்கு வந்தது. 21 பலகைகள், சுமார் 100 அடி நீளம். நான் போகவில்லை, விமானக் கட்டணமும் விடுமுறையும் சேர்ந்து அமையவில்லை. படத்தை இணையத்தில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பதற்கும் பலகையின் பக்கவாட்டில் நிற்பதற்கும் சம்பந்தமே இல்லை என்பதால் அதைப் பற்றி எழுதமாட்டேன். போய்வந்தவர் யாராவது இருந்தால், ஓரமாக நின்று கோட்டின் உயரத்தைப் பார்த்தீர்களா என்று மட்டும் சொல்லுங்கள்.

28 செப்டம்பர்

அத்தைக்கு இப்போது வயது எழுபத்தெட்டு. கண் மங்கிவிட்டதால் பலகைப்படம் செய்வதை நிறுத்திவிட்டார். நேற்று காணொலி அழைப்பில் ஷாவின் படம் ஒன்றை அனுப்பி, அவருடைய பேத்தியின் பெரிய திரையில் பார்க்கச் சொன்னேன். நெடுநேரம் சத்தமே இல்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

"எவ்வளவு ரேக்குப்பா ஆச்சு இதுக்கு?" என்றார்.

ரேக்கு இல்லை அத்தை, குழாயிலிருந்து பிதுக்கும் பசை என்றேன்.

அவர் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. பிறகு பேத்தியிடம் சொல்லி ஒரு மூலையைப் பெரிதாக்கச் சொன்னார். அங்கே ஒரு நாய், அதன் காலடியில் உதிர்ந்த பூக்கள். "பூவுக்கும் நாய்க்கும் ஒரே மக்கா போட்டிருக்கானே" என்றார். நான்கு முறை அருங்காட்சியகம் போய்க் கண்டுபிடித்ததாக நான் ஆகஸ்ட் 17 அன்று எழுதியதை அவர் ஒரு நிமிடத்தில் பார்த்துவிட்டார். அது சரியா தப்பா என்று கேட்டேன். தப்பென்று சொல்லவில்லை, சாமி படத்துக்கு ஆகாது என்றார். இது சாமி படம் இல்லை என்றேன். "அப்ப கண்ணை எப்போ திறப்பான்?" என்று கேட்டார்.

பலகைப்படத்தில் எல்லா வேலையும் முடிந்த பின்புதான் கண் எழுதுவார்கள். ஷா எதைக் கடைசியில் நிரப்புகிறார் என்று தெரியவில்லை என்று சொல்லி வைத்தேன். அவருக்கு அந்தப் பதில் போதவில்லை. என் மூன்றாவது மாங்காயைக் காட்டச் சொன்னார். குளிர்பதனப் பெட்டியின் மேல், தூசி விழாமல் இருக்க வாணலி கவிழ்த்து வைத்திருந்ததை எடுத்துக் காட்டினேன். நீலப் பாத்தியின் நடுவில் வாணலியிலிருந்து விழுந்த ஒரு துணுக்கு ஒட்டியிருந்தது.

"இன்னும் காயலை, தொடாதே" என்றார்.